அயலார் பாதையில் ஒரு முஸாபிர்

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஸ்பெயின் நாட்டிற்குப் புறப்பட நான் ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில் என் காக்கா ஒரு கேள்வி கேட்டார். "குர்துபாவின் பள்ளிவாசலைப் பார்த்து வரப் போகிறேன் என்று சொன்னால் மகிழ்ச்சி. கிறித்தவர்கள் தங்கள் ஜியாரத்துக்கு நடந்து போகிற பாதையில் உனக்கென்ன வேலை, தம்பி? அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், சைக்கிளில்!"

அன்று அவருக்கு நான் சொன்ன பதில் பாதி உண்மை. அந்தலூஸின் ஊர்களை மெதுவாகப் பார்க்க வேண்டும். அப்பாதை அவ்வூர்களின் வழியே செல்கிறது. நடந்து முடிக்க ஒன்றரை மாதமாவது வேண்டும், எனக்கோ மூன்று வார விடுமுறைதான். ஆகவே மிதிவண்டி என்றேன். சொல்லாமல் விட்ட மறுபாதி வேறு. அந்தலூஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே ஒரு பெருமூச்சு விடுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். அப்பெருமூச்சுக்குள்ளே சிறிது கோபமும் உண்டு. அந்தப் பாதை முடிகின்ற கோவிலிலே குதிரைமீது அமர்ந்து முஸ்லிம்களை வெட்டி வீழ்த்துவதாகச் செதுக்கப்பட்ட ஒரு சிலை இருப்பதை நான் படித்திருந்தேன். அதன் எதிரே ஒரு முஸ்லிமாகப் போய் நிற்க வேண்டும் என்பதே என் உள்ளத்தில் மறைந்திருந்த நிய்யத்.

ஈசா (அலை) அவர்களின் சீடர்களான ஹவாரிய்யூன்களில் ஒருவர் யாகூப். அவருடைய அடக்கத்தலம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், காலிசியா மாகாணத்துச் சந்தியாகோ நகரில் உள்ளது என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. 9-ஆம் நூற்றாண்டில் அவ்விடம் கண்டறியப்பட்டதாகச் சொல்லப்பட்டது முதல் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கு நடந்து செல்கின்றனர். வழிகள் பல. அவற்றுள் தெற்கிலிருந்து செல்வது 'வியா தெ லா பிளாத்தா'. இஷ்பீலியா என்று அரபியர் அழைத்த செவில்லா நகரில் தொடங்கி ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீள்கிறது. பிளாத்தா என்றால் ஸ்பானிய மொழியில் வெள்ளி. ஆயினும் இவ்வழிக்கும் வெள்ளிக்கும் தொடர்பில்லை என்றும், கல் பாவிய சாலையைக் குறிக்கும் 'பலாத்' என்ற அரபுச் சொல்லே திரிந்து பிளாத்தா ஆயிற்று என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். உரோமர் அமைத்து, அரபியர் பெயர் சூட்டி, கிறித்தவ யாத்திரிகர் நடக்கும் சாலை என்று அதனைச் சொன்னால் பொருந்தும்.

செவில்லாவில் ஒரு மலை மிதிவண்டியை வாடகைக்கு எடுத்தேன். தடித்த டயர்களும், முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பும், செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்கத்தக்க பல கியர்களும் உடையது. பின்னால் இரண்டு பைகள், ஒன்பது கிலோ. வழி காட்டுவதற்கு மஞ்சள் அம்புக்குறிகள் உண்டு. 1980-களில் எலியாஸ் பலீஞ்ஞா என்ற காலிசியப் பாதிரியார் மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு வடக்கே உள்ள வேறொரு யாத்திரைப் பாதையில் மரத்திலும் கல்லிலும் அம்பு வரையத் தொடங்கினார். அவ்வழக்கமே பிற வழிகளுக்கும் பரவிற்று. மரத்தில் ஓர் அம்பு, சுவரில் ஓர் அம்பு, வேலித் தூணில் ஓர் அம்பு. அவற்றை நம்பி முன்பின் அறியாத நாட்டில் ஒரு மனிதன் தனியே போய்விடலாம்.

இரண்டாம் நாள் காட்டுப் பகுதியில் என் தவறு நிகழ்ந்தது. தடம் சற்றே இறங்கிச் சென்றது. வேகம் தந்த இன்பத்தில் இருந்தேன். முன்னே ஒரு முதியவர் முதுகில் மூட்டையுடன் நடந்து கொண்டிருந்தார். என் வண்டியில் மணி இல்லை. குரல் கொடுக்கவும் தோன்றவில்லை. அவருடைய முழங்கையை உரசுவதுபோல் கடந்தேன். திடுக்கிட்டு ஒதுங்கியவர் கைத்தடியைத் தவற விட்டுத் தடுமாறினார். திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்பதாகக் கையை உயர்த்தினேன், வண்டியை நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரத்திற்குப் பின் அல்மாதென் என்ற ஊருக்குச் சற்று முன்னதாகக் கால்வாரியோ என்னும் குன்று குறுக்கிட்டது. நடப்பவர்க்கே மூச்சு வாங்கும் செங்குத்து. காலடியில் உருளும் கற்கள். மிதிக்க இயலவில்லை, தள்ளவும் இயலவில்லை. வண்டியைத் தோளில் தூக்கிப் பத்தடி வைப்பதும் இறக்குவதுமாகப் பாதி தூரம் ஏறி, கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கைத்தடியின் ஓசை கேட்டது. அதே முதியவர். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து சிரித்தார். ஒன்றும் பேசாமல் என் பைகளில் ஒன்றைக் கழற்றித் தம் மூட்டையோடு மற்றத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் வெறும் வண்டியைச் சுமந்துகொண்டு பின்னே நடந்தேன். உச்சியில் பையைத் திருப்பித் தந்தபோது தம் காதைத் தொட்டுக் காட்டி, "ஒரு மணி வாங்கிக் கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு இருவரும் ஒரே விடுதியில் தங்கினோம். பொது விடுதிகளில் நடந்து வருபவர்க்கே படுக்கையில் முதலுரிமை. சைக்கிள்காரன் மாலைவரை காத்திருந்து, மிச்சம் இருந்தால் பெறவேண்டும். திண்ணையில் காத்திருந்த என்னோடு அவர் பேச்சுத் துணைக்கு வந்து அமர்ந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், காலிசியாவைச் சேர்ந்தவர், தம் சொந்த மண்ணை நோக்கி நடக்கிறார். சிறிது ஆங்கிலம் அறிந்திருந்தார். நான் முஸ்லிம் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நாங்கள் அமர்ந்திருந்த ஊரின் பெயரே சுரங்கத்தைக் குறிக்கும் 'அல்-மஃதின்' என்ற அரபுச் சொல் என்றார். எண்ணெய்க்கு 'அசெய்தே', ஜைத்தூனுக்கு 'அசெய்துனா', சர்க்கரைக்கு 'அசூகர்', அரிசிக்கு 'அர்ரோஸ்' என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று நடக்க வேண்டுமென விரும்பும்போது ஸ்பானியர் நாவில் தானே வரும் 'ஓஹலா' என்ற சொல்லில் அல்லாஹ்வின் திருநாமம் ஒளிந்திருப்பதையும் அவரே எனக்குச் சொன்னார்.

பிறகு வேடிக்கையாக, "மணி வேண்டுமானால் சந்தியாகோவில் எடுத்துக்கொள்ளலாம், முன்பு உங்களவர் கேளாமல் எடுத்துச் சென்றார்கள். நீங்கள் கேட்டுவிட்டு எடுங்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சுட்டிய நிகழ்ச்சி நான் அறிந்ததே. குர்துபாவின் ஹாஜிபாக இருந்து ஆட்சியை நடத்திய அல்-மன்சூர் இப்னு அபீ ஆமிர் ஹிஜ்ரி 387-இல், கி.பி. 997 ஆகஸ்ட் மாதம், சந்தியாகோ வரை படையெடுத்துச் சென்று நகரையும் கோவிலையும் இடித்தார். அடக்கத்தலத்தை மட்டும் தொடவில்லை. அதனருகே தனியே அமர்ந்திருந்த முதிய துறவி ஒருவருக்குத் தீங்கு நேராதபடி காவலும் வைத்தார் என்று முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கோவில் மணிகளோ கிறித்தவக் கைதிகளின் தோளில் ஏற்றப்பட்டுக் குர்துபா வந்து சேர்ந்தன. பெரிய பள்ளியில் அவை விளக்குகளாகத் தொங்கின. 1236-இல் மூன்றாம் ஃபெர்னாந்தோ குர்துபாவைக் கைப்பற்றியபோது அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றிச் சந்தியாகோவுக்கே திருப்பி அனுப்பினார்.

"எங்களவர் எடுத்ததைச் சொன்னீர்கள்; உங்கள் அரசர் எங்களவர் தோளில் அதைச் சுமக்க வைத்ததையும் சொல்லுங்கள்" என்றேன். குரலில் நான் நினைத்ததைவிடச் சூடு மிகுந்திருந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. சிறிது நேரம் இருட்டைப் பார்த்திருந்துவிட்டு, "ஆம், இரண்டு முறையும் சுமந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை" என்றார். அதோடு உறங்கப் போய்விட்டார்.

விடியுமுன் அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். வழியில் அவரைக் கடந்தபோது இம்முறை தூரத்திலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சிறிது தூரம் கூட நடந்தேன். பின்னர் ஸலாம் சொல்லிப் பிரிந்தேன். மீண்டும் அவரைக் காணவில்லை. மிதிவண்டிப் பயணத்தின் இழப்பு இது. நடப்பவர்கள் ஒருவரையொருவர் மாலைதோறும் சந்தித்து நாற்பது நாளில் ஒரு குடும்பம் ஆகிவிடுகிறார்கள். சைக்கிள்காரன் நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் கடந்து, நாளொன்றுக்கு ஓர் ஊராகப் புதியவனாகவே நுழைகிறான். அடுத்து வந்த ஸாஃப்ரா நகரில் ஒரு கடையில் மணி வாங்கிக் கைப்பிடியில் பொருத்தினேன்.

எக்ஸ்திரமதூரா மாகாணத்தில் பாதை கருவாலி மரங்கள் அடர்ந்த மேய்ச்சல் நிலங்களின் ஊடே செல்கிறது. வாயிற்கதவைத் திறந்து உள்ளே போய், மறவாமல் மூடவேண்டும். மரத்தடியில் கரும்பன்றிகள் கூட்டங் கூட்டமாக மேயும். ஊர்தோறும் உணவகங்களில் அவற்றின் தொடைகளே உத்தரத்தில் தொங்கும். பருப்புக் கூழிலும் ஒரு துண்டு கிடக்கக்கூடும். என் மார்க்கத்தில் விலக்கு என்று சொன்ன இடத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஓரிடத்தில் சமையற்கார அம்மையார் தனியே ஒரு சட்டியைக் கழுவி அடுப்பேற்றி, ஜைத்தூன் எண்ணெயில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடைபோல் சுட்டுத் தந்தார்.

மாரிதா என்று அரபியர் அழைத்த மெரிதா நகருக்குள் குவாதியானா ஆற்றின் மேலுள்ள நெடிய உரோமப் பாலத்தைக் கடந்து நுழைய வேண்டும். குவாதியானா என்பதில் முதற்பகுதி நம் 'வாதி'தான். பாலத்தின் தலைமாட்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் கட்டிய கோட்டை நிற்கிறது. ஹிஜ்ரி 220, அதாவது கி.பி. 835 என்று ஆண்டு பொறித்த கல்வெட்டு அதற்குண்டு. மார்பை நிமிர்த்திக்கொண்டே உள்ளே போனேன். ஆனால் அக்கோட்டை அயல் பகைவர்க்காக எழுந்ததன்று. அமீருக்கு எதிராக மீண்டும் மீண்டும் கிளர்ந்த அவ்வூர் மக்களை அடக்குவதற்காக எழுந்தது. அம்மக்களுள் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர்க் குடிகளும் இருந்தனர். உள்ளே ஆற்று நீர் ஊறி நிறையும் ஒரு நிலத்தடித் தொட்டி. அதற்கு இறங்கும் இரட்டைப் படிக்கட்டின் ஓரத்தில், இஸ்லாத்திற்கு முந்திய விசிகோத்தியர் காலத்துச் செதுக்குத் தூண்கள் நிறுத்தப்பட்டிருந்தன. பிறர் கட்டியதைப் பெயர்த்துத் தமக்காக்கிக் கொள்வது ஒரு சாராரின் வழக்கம் மட்டுமன்று என்று எண்ணிக்கொண்டே குளிர்ந்த படிகளில் ஏறி வந்தேன்.

காசெரெஸ் நகரில் ஒரு பழைய மாளிகைக்கு அடியில் லாட வளைவுகள் தாங்கும் மழைநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. முஸ்லிம்கள் கட்டியது, இன்றும் மழைநீர் அதில் சேர்கிறது. அதனை ஸ்பானியர் 'அல்ஹீபே' என்கின்றனர். யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் தள்ளிய கிணற்றுக்குத் திருமறை வழங்கும் 'ஜுப்' என்ற சொல்லின் மாற்றுருவே அது. கட்டியவர்கள் போய்விட்டார்கள். மாளிகை எழுப்பியவர்களும் போய்விட்டார்கள். நீர் மட்டும் தன் கடமையை விடவில்லை.

அங்கிருந்து வடக்கே உரோம மைல்கற்களை ஒட்டிப் பயணம். காப்பரா என்ற பாழ்நகரில் நான்கு புறமும் திறந்த ஒரு கல்வளைவின் அடியிலேயே பாதை நுழைகிறது. பின்னர் சலமாங்கா, சமோரா. நாள்தோறும் கஸ்ராகத் தொழுதுகொண்டு வந்தேன். வடக்கு நோக்கிச் சென்றவரை கிப்லா என் வலக்கைப் பக்கம் இருந்தது. சூரியன் எழும் திசையைச் சற்றே தெற்காகக் கொண்டால் போதும். கிராங்ஹா தெ மொரெருவேலா என்ற சிற்றூரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நான் தேர்ந்த கிளை மேற்கே திரும்பிற்று. அன்றிலிருந்து கிப்லா என் முதுகுக்குப் பின்னால். காக்காவின் கேள்வி அன்றுதான் என்னை உண்மையாக வருத்திற்று. கஅபாவுக்கு முதுகைக் காட்டியபடி, எவருடையதோ ஓர் அடக்கத்தலத்தை நோக்கி, எதற்காக மிதிக்கிறேன்?

அவ்வேளையில் இப்னு ஜுபைர் நினைவுக்கு வந்தார். 1183-இல் கர்னாத்தாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்பெரியார் அலெக்சாந்திரியாவுக்குச் சென்றது ஜெனோவாக் கிறித்தவர்களின் கப்பலில். திரும்புகையில் சிசிலித் தீவின் மெசினாவில் கப்பல் உடைந்தபோது, கரையேறக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்காகப் பணம் தந்தவர் அத்தீவின் கிறித்தவ அரசர் வில்லியம். சிலுவைப் போர்க் காலம் அது! இதைத் தம் பயண நூலில் மறைக்காமல் எழுதி வைத்தவர் இப்னு ஜுபைர். முஸாபிரின் கடமை கண்டதைக் கண்டபடி சொல்வது. நானோ காண்பதற்கு முன்பே கோபத்தைக் கட்டிச் சுமந்து வந்திருந்தேன். ஒன்பது கிலோ பையில் எடுத்தெறிய ஒன்றுமில்லை, கனத்தது அதுதான்.

பதோர்னெலோக் கணவாய் 1300 மீட்டருக்கும் மேலான உயரம். மழையும் குளிரும் சேர்ந்து அடித்தன. சேற்றில் சக்கரம் சிக்கியபோது நான் வண்டியில் போகவில்லை. வண்டிதான் என்மீது போயிற்று. காலிசியாவுக்குள் இறங்கிய மறுநாள் மாலை ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் வெளி முகப்பில் மழைக்கு ஒதுங்கினேன். அஸர் நேரம் போய்க்கொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டிய நீரில் உளூச் செய்து, மழைக்கோட்டை விரித்து, அதன் சுவருக்கு வெளியே நின்று தக்பீர் கட்டினேன். இரண்டாம் ரக்அத்தில் யாரோ வந்து நிற்கும் அரவம் கேட்டது. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது கறுப்பு உடையில் ஒரு மூதாட்டி, கையில் சாவியும் குடையுமாக மழையிலேயே நின்றுகொண்டிருந்தார். மாலை மணி அடிப்பதற்காக வந்தவர். நான் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். தலையசைத்துவிட்டு என்னைக் கடந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி ஒலித்தது.

பதினேழாம் நாள் சந்தியாகோ. பேராலயத்தின் எதிரேயுள்ள சதுக்கத்தில் நடந்து வந்தவர்கள் தரையில் படுத்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே போனேன். தேடி வந்த சிலை இருந்தது. 844-இல் கிளாவிஹோ என்னுமிடத்தில் நடந்த போரில் யாகூப் வெள்ளைக் குதிரையில் தோன்றி முஸ்லிம்களை வீழ்த்தினார் என்பது கதை; அப்படியொரு போர் நடக்கவேயில்லை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் முடிவு. நடவாத போருக்கு 18-ஆம் நூற்றாண்டில் ஒரு சிலை! 2004-இல் அதனை அகற்றப் போவதாக ஆலயத்தார் அறிவித்தனர். எதிர்ப்புகள் எழவே அங்கேயே விட்டுவிட்டனர். நான் கண்டபோது குதிரையின் காலடியில் மலர்கள் நிறைந்திருந்தன. வெட்டுண்ட மனிதர்களின் உருவங்கள் அம்மலர்களுக்குள் மறைந்திருந்தன.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். வந்தது. மலரால் மூடினால் வாள் மறைந்துவிடுமா என்று கேட்கத் தோன்றியது. ஆயினும் அக்கேள்வியை முடிக்குமுன் மலைச்சரிவில் என் பையை மாட்டிக்கொண்டு முன்னே ஏறிய தோள் கண்முன் வந்தது. 997-இல் தெற்கே மணி சுமந்த தோள்களும், 1236-இல் வடக்கே மணி சுமந்த தோள்களும் வந்தன. அல்-மன்சூரின் வெற்றியை எண்ணி நிமிர்ந்த என் பெருமையில் அந்த முதல் தோள்களுக்கு இடமே இருந்ததில்லை. பின்னைய தோள்களுக்காக மட்டும் பெருமூச்சு விட்டிருக்கிறேன். ஆசிரியர் அன்றிரவு சொன்ன சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லாமற் போனது ஏன் என்று அப்போது விளங்கிற்று. தன் முன்னோர் பட்ட துன்பத்தை மட்டும் கணக்கில் எழுதி, தந்த துன்பத்தை எழுதாதவன் வரலாறு படித்தவன் அல்லன்.

யாத்திரிகர் அலுவலகத்தில் வழிநெடுகப் பெற்ற முத்திரைகள் கொண்ட அட்டையைப் பார்த்தார்கள். நடப்பவர் கடைசி 100 கிலோமீட்டரும், மிதிவண்டியில் வருபவர் கடைசி 200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும் என்பது விதி. பின்னர், "எந்த நோக்கத்தோடு வந்தீர்கள்? சமய நோக்கமா, வேறா?" என்று கேட்டார்கள். நிய்யத்தை வாய்விட்டுக் கேட்கும் ஓர் இடத்தை அங்குதான் கண்டேன். சமய நோக்கமென்று சொல்லி அவர்களுடைய யாத்திரைச் சான்றிதழைப் பெறுவது முறையன்று. அது அவர்களுடைய இபாதத்துக்கு உரியது. "வேறு" என்றேன். அத்தகையோர்க்குரிய வரவேற்புச் சான்றிதழை எழுதித் தந்தார்கள். பாதையும் விருந்தும் பகிரக்கூடியவை, வணக்கம் அவரவர்க்குரியது. அதை அறிந்து நடந்துகொண்டால் அயலார் பாதையில் போவதால் ஈமானுக்குக் குறைவு நேர்வதில்லை என்பதே காக்காவுக்கு நான் பிறகு சொன்ன முழுப் பதில். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அந்த மழையில் நின்ற அம்மாவுக்கு நீ நன்றி சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன், சொன்ன மொழிதான் அவருக்கு விளங்கியிராது.

வாடகை வண்டியைச் சந்தியாகோவிலேயே ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஸாஃப்ராவில் நான் விலை கொடுத்து வாங்கிய மணி கைப்பிடியில் இருந்தது. நினைவுக்காகக் கழற்றிக்கொள்ளலாம் என்று திருகாணியில் கை வைத்தேன். அடுத்து அவ்வண்டியில் போகிறவன் முன்னேயும் யாரோ ஒரு முதியவர் நடந்துகொண்டிருப்பார். கையை எடுத்துவிட்டு வந்தேன்.

பயணங்கள் அனைத்தையும் பயனுள்ளவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.